உடுப்புத் தோய்த்த தண்ணீர் கொழும்பில் எங்கே போகிறது? சலவைத்தூளும் நீர்நிலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், உடுப்பு மென்மையாக்கி இவற்றால் நம் வாவிக்கும் ஆற்றுக்கும் என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள், கொட்டாஞ்சேனை, தெமட்டகொடைப் பக்கம் பழைய வீடுகளில் இருக்கிறவர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி "எந்தப் பிராண்ட் நல்லது?" என்பதாகத்தான் இருக்கிறது. பிராண்டை விட இரண்டு விஷயங்கள் முக்கியம்: எவ்வளவு போடுகிறீர்கள், அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் கடைசியில் இந்த இரண்டிடம்தான் வந்து நிற்கும்.

என் வீட்டில் உடுப்புத் தோய்த்த தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது?

கொழும்பு மாநகர எல்லைக்குள் பெரும்பாலான இடங்களில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கியவை. அவற்றுக்குள் போகிற தண்ணீரைப் பம்பு நிலையங்கள் தள்ளிக்கொண்டுபோய், வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்கு அடியில் நீட்டிப் போட்ட குழாய்களால் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் விடுகின்றன. பல பத்தாண்டுகளாக இது முழுமையான சுத்திகரிப்பு இல்லாமலே நடந்து வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனாலும் திறந்த கடலில் கலப்பும் ஒட்சிசனும் அதிகம் என்பதால், சலவை இரசாயனங்களைப் பொறுத்தவரை இரண்டாவது வழியை விட இது குறைந்த கேடு.

அந்த இரண்டாவது வழி கான். தெருவோரக் கான் மழைநீருக்காகக் கட்டியது. அதற்கு எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. கானில் விழுகிற தண்ணீர் நேரே கால்வாய்க்குப் போகும்: வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், கிருலப்பனை, தெமட்டகொடைக் கால்வாய்கள், அல்லது பேரே வாவி. பழைய வீடுகளில் மலசலகூடம் மட்டும் கழிவுநீர்க் குழாயிலோ குழியிலோ சேர்ந்திருக்கும். குசினித் தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் வெளியே கானுக்குத் திறந்திருக்கும். கழிவுநீர்க் குழாய் போய்ச் சேராத புறநகர்களில் இது இன்னும் அதிகம்.

தொடர்மாடிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வோஷிங் மெஷினை வைக்க உள்ளே இடமில்லாமல் பல்கனியில் வைக்கிறார்கள். பல்கனியில் இருக்கிற குழாய் மழைநீர்க் குழாய். மெஷினின் ஹோஸை அதற்குள் விட்டால், எட்டாம் மாடியில் தோய்த்த தண்ணீர் நேரே கானுக்குத்தான் இறங்கும். வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்காது, பல நேரம் பிளம்பருக்கும் அக்கறை இருக்காது.

சோதித்துப் பார்ப்பது லேசு. மழையில்லாத ஒரு நாளில், ஒரு வாளித் தண்ணீரில் கேக்குக்குப் போடுகிற நிறச்சாயம் கொஞ்சம் கலந்து, மெஷின் தண்ணீர் போகிற குழாயில் ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே கானைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். நிறம் கானில் வந்தால் உங்கள் பதில் கிடைத்துவிட்டது.

சலவைத்தூளுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலாவது, அழுக்கை எடுக்கிற பொருள். ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டிக்கொள்கிற மூலக்கூறு இது. உலகத்தில் இன்று மிக அதிகமாகப் பாவிக்கப்படுவது எல்.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நேர்ச்சங்கிலி அல்கைல்பென்சீன் சல்பனேற்று. பெற்றோலியத்திலிருந்து செய்யப்படுகிறது. இரண்டாவது, தண்ணீரில் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டு அந்த அழுக்கெடுப்பானுக்கு வேலை செய்ய வழிவிடுகிற உப்புகள். ஒரு காலத்தில் இதற்குப் பொஸ்பேட் போட்டார்கள், பிறகு சியோலைட்டு வந்தது. சோடியம் காபனேற்று, அதாவது சலவைச் சோடாவும் இதே வேலையைச் செய்யும். சலவைத்தூள் கரைத்த தண்ணீர் கையில் வழுவழுப்பாக இருப்பதற்கு இந்தக் காரத்தன்மை ஒரு காரணம்.

மீதி எல்லாம் சில்லறைச் சேர்மானங்கள்: இரத்தக்கறை, எண்ணெய்க்கறைகளை உடைக்கிற நொதியங்கள், வெளுப்பான், வாசனை, வெள்ளை உடுப்பைப் பளிச்சென்று காட்டுகிற ஒளிர்பொருள். முன்பு வெள்ளைச் சேர்ட்டுக்கு நீலம் போட்டார்களே, அந்த வேலையைத்தான் இப்போது ஒளிர்பொருள் செய்கிறது. நொதியங்களைப் பற்றிக் கவலை தேவையில்லை. அவை புரதம், தண்ணீரில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

கால்வாயில் நுரை மிதக்கிறது. அதுதான் ஆபத்தின் அடையாளமா?

நுரையை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. 1950களிலும் 60களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் மலைபோல நுரை எழுந்தது. காரணம், அப்போது பாவித்த அழுக்கெடுப்பான் மூலக்கூறின் சங்கிலி கிளைவிட்டிருந்தது. பக்டீரியாக்களால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கத் தொழிற்துறை 1965 அளவில் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறியது. இன்று நாம் பாவிக்கிற எல்.ஏ.எஸ். அந்த மாற்றத்தில் வந்ததுதான். ஒரு இரசாயனப் பிரச்சினையைச் சட்டமும் தொழிற்துறையும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்துக்குள் பெருமளவு தீர்த்ததற்கு இது நல்ல உதாரணம், இதை யாரும் போதிய அளவு சொல்வதில்லை.

ஆனால் இந்த எல்.ஏ.எஸ். சிதைவதற்கு ஒட்சிசன் வேண்டும். காற்றூட்டுகிற சுத்திகரிப்பு நிலையத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். ஒட்சிசன் இல்லாத சேற்றிலோ மலக்குழியிலோ அது அநேகமாகச் சிதையாமல் தங்கிவிடும். நம் கால்வாய்களில் தண்ணீர் மெதுவாக நகர்கிறது, அடியில் கறுத்த சேறு, ஒட்சிசன் மிகக் குறைவு. "சிதையக்கூடியது" என்று ஆய்வுகூடத்தில் நிரூபித்த பொருள் இங்கே சிதைவதற்கான சூழலே இல்லை. இதனால்தான் எந்தக் குழாய் என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது.

கடற்கரையில் சில நாட்களில் அலையோடு வருகிற நுரை வேறு. பாசிகளும் இறந்த நுண்ணுயிர்களும் விடுகிற புரதமும் அலையில் அடிபட்டு நுரைக்கும். அதெல்லாம் சவர்க்காரம் என்று நினைக்க வேண்டாம்.

பேரே வாவி பச்சையாக இருப்பது சலவைத்தூளாலா?

ஒரு பங்கு இருக்கலாம், முழுக்க அதனால் அல்ல. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வாவியைப் பச்சையாக்குவது நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபக்டீரியா. பேரே வாவியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் மிகுந்திருப்பதை இலங்கை ஆய்வாளர்கள் பல தடவை பதிவு செய்திருக்கிறார்கள். இவற்றில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும். குடிநீரில் அது லீற்றருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் நீண்டகாலம் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பேரே வாவித் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, சரி. ஆனால் அந்த வாவியின் கரையில் கொம்பனித்தெருவில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வாழ்கிறார்கள், அதில் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பாசிக்கு நைதரசன், காபன், பொஸ்பரஸ் எல்லாம் வேண்டும். நன்னீரில் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது பொஸ்பரஸ். கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு 1973இல் ஒரு சிறிய ஏரியை நடுவில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் காபனும் நைதரசனும், மறுபக்கம் அதே இரண்டோடு பொஸ்பரஸும் சேர்த்தார்கள். பொஸ்பரஸ் சேர்த்த பக்கம் மட்டும் பச்சையாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் அரசாங்கங்களின் மனதை மாற்றியது என்றால் மிகையில்லை. பொஸ்பேட் என்பது பொஸ்பரஸ் உள்ள உப்பு; சுவிற்சர்லாந்து 1986இல் சலவைப் பொருட்களில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வீட்டுச் சலவைத்தூளுக்கும், 2017இல் பாத்திரம் கழுவும் மெஷின் பொருட்களுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எவ்வளவு சிறிய அளவு எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாசியின் உடலில் இந்த மூலகங்கள் வழமையாக இருக்கும் விகிதத்தை வைத்துப் பார்த்தால், 1 கிராம் பொஸ்பரஸிலிருந்து சுமார் 100 கிராம் உலர்ந்த பாசி உருவாகலாம். பழைய முறைச் சலவைத்தூளில் போட்ட சோடியம் முப்பொலிபொஸ்பேட்டின் நிறையில் கால்வாசி பொஸ்பரஸ். பாசி வளர்ந்து, இரவில் ஒட்சிசனை எடுத்து, செத்து, அழுகி, மிச்சமிருக்கிற ஒட்சிசனையும் எடுக்கும். விடியற்காலையில்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். பேரே வாவியில் மீன்கள் செத்து மிதந்த செய்தி வரும்போதெல்லாம் "யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள்" என்று முதலில் சந்தேகம் வருகிறது. பல நேரம் மூச்சுத்திணறலே போதுமான காரணம்.

ஆனால் மனிதக் கழிவிலும் பொஸ்பரஸ் இருக்கிறது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 2 கிராம் வரை. வாவிக்குள் கள்ளத்தனமாகவோ தெரியாமலோ திறந்திருக்கிற மலக்குழாய்கள் இருக்கும்வரை, எல்லோரும் பொஸ்பேட் இல்லாத தூளுக்கு மாறினாலும் வாவி தெளியாது. பல பத்தாண்டுகளாக அடியில் படிந்த சேறும் பொஸ்பரஸைத் திரும்பத் திரும்ப மேலே விடும். ஆகவே தூளை மாற்றுங்கள், ஆனால் தூளை மட்டும் பேசி மலக்குழாயைப் பேசாமல் விடுகிற எந்தத் திட்டத்தையும் நம்ப வேண்டாம்.

மீன்களுக்கு நேரடியாகத் தீங்கு உண்டா?

உண்டு. அழுக்கெடுப்பான் மீனின் செவுளை மூடியிருக்கிற மெல்லிய படலத்தைக் கெடுக்கும். எல்.ஏ.எஸ். லீற்றருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே பல மீனினங்கள் சாகத் தொடங்கும். முட்டையும் குஞ்சும் பெரிய மீனை விட எளிதில் பாதிக்கப்படும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைவதால், நீரின் மேல் ஓடித் திரிகிற பூச்சிகள் நிற்க முடியாமல் தாழும்.

இன்னொரு வகை அழுக்கெடுப்பானைத் தனியாகச் சொல்ல வேண்டும்: நொனைல்பீனோல் எதொக்சிலேற்றுகள். இவை சிதையும்போது வருகிற நொனைல்பீனோல், மூலப்பொருளை விட நஞ்சானது. அது பெண் ஹோர்மோனைப் போல நடந்து மீன்களின் இனப்பெருக்கத்தைக் குழப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உடுப்புத் தொழிற்சாலைகளிலும் தொழில்முறைச் சுத்திகரிப்புத் திரவங்களிலும் இது அதிகம் பாவிக்கப்பட்டது. லோண்டரி, ஹோட்டல் நடத்துகிறவர்கள் மொத்தமாகத் திரவம் வாங்கும்போது, இது இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

நாம் குடிக்கிற பைப் தண்ணீரில் சலவைத்தூள் கலக்குமா?

கொழும்புக்குக் குடிநீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து, அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் பழைய காலத்திலிருந்தே உதவுகின்றன. அம்பத்தலை, ஆற்றோட்டத்தில் கொழும்பு நகரத்துக்கு மேலே இருப்பதால், கொழும்பில் தோய்த்த தண்ணீர் அங்கே போகாது. ஆனால் களனியின் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து கெஹெல்கமு ஓயாவும், மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகிறது. தோட்டத்து லயங்களில் பீலித்தண்ணீரில் தோய்க்கிற உடுப்பும், அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல ஊர்களின் கழிவும், சீதாவாக்க, பியகம தொழில் வலயங்களிலிருந்து சுத்திகரித்து விடப்படும் நீரும் எல்லாம் அம்பத்தலைக்கு மேலே சேருகின்றன.

பயப்படத் தேவையில்லை. ஓடுகிற ஆற்றில் ஒட்சிசன் உண்டு, எல்.ஏ.எஸ். சிதைய அது உதவும். படிகாரம் போட்டு, மணலில் வடித்து, குளோரின் சேர்த்த பிறகுதான் தண்ணீர் வருகிறது. அமெரிக்காவில் குடிநீரில் நுரைக்கும் பொருட்களுக்கு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதுவும் சுவை, மணம், தோற்றம் ஆகியவற்றுக்காக வைத்தது. குடிநீரைப் பற்றிக் கவலைப்படுவதானால் சலவைத்தூளை விடக் கிருமிகளைப் பற்றிக் கவலைப்படுவதே பொருத்தம்.

எவ்வளவு தூள் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

நம்மில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் நிறைய, கேத்திலில் வெள்ளையாகப் படியும், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. அங்கே கைநிறையத் தூள் போட்டால்தான் அழுக்குப் போகும் என்று அம்மாமார் பழகினார்கள், நாங்களும் அந்தக் கைப்பழக்கத்தோடுதான் கொழும்புக்கு வந்தோம். ஆனால் களனித் தண்ணீர் மென்மையானது. ஈரவலயத்துப் பழைய பாறைகளில் சுண்ணாம்பு குறைவு. இந்தத் தண்ணீரில் கல்சியத்தைக் கட்டிப்போட உப்பே பெரிதாகத் தேவையில்லை. அழுக்கெடுப்பான் முழுக்க அழுக்கிலேயே வேலை செய்யும்.

ஐரோப்பாவில் விற்கிற பெட்டிகளில் மென்மையான தண்ணீர், நடுத்தரம், கடினமான தண்ணீர் என்று மூன்று அளவு அச்சிட்டிருப்பார்கள். கடினத் தண்ணீருக்கான அளவு எப்போதும் கூட. அந்த வேறுபாட்டை நாமே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது போடுகிற அளவில் பாதியைப் போட்டு இரண்டு கிழமை தோய்த்துப் பாருங்கள். உடுப்பு நன்றாக வந்தால், அது மணத்தாலும் கறையாலும் தெரியும், இன்னும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். காலரிலும் அக்குளிலும் அழுக்கு நின்றால், தூளைக் கூட்டுவதற்கு முதல் அந்த இடத்தில் மட்டும் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள்.

நுரை குறைந்தால் மனம் திருப்திப்படாது, அது உண்மை. ஆனால் அழுக்கைப் போக்குவது நுரை அல்ல. முன்பக்கக் கதவு மெஷின்களில் நுரை கூடினால் உடுப்பு சரியாக அடிபடாமல் அழுக்கு நிற்கும். கூடுதலாகப் போட்ட தூள் உடுப்பில் தங்கித் தோலில் கடியும் சொறியும் உண்டாக்கும், குழந்தைகளுக்கு முக்கியமாக. அதை அலச இன்னொரு முறை தண்ணீர் வேண்டும். மெஷினின் ரப்பர் வளையத்தில் வருகிற புழுங்கல் மணமும் பெரும்பாலும் தங்கிப்போன சவர்க்காரத்தால் வருவது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் தொடர்மாடி குழாய்க்கிணற்றுத் தண்ணீரைப் பாவித்தால் அது கடினமாகவோ உவர்ப்பாகவோ இருக்கலாம். ஒரு போத்தலில் பாதி தண்ணீர் எடுத்து, சவர்க்காரத் துருவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று, தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்மை. நுரை எழாமல் வெள்ளையாகத் திரி திரியாக மிதந்தால் கடினம்.

கட்டிச் சவர்க்காரம் தூளை விட நல்லதா?

பழைய முறையில் எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த உண்மையான சவர்க்காரம் சீக்கிரம் சிதையும். கல்சியத்தோடு சேர்ந்தால் கரையாத படிவாகி நஞ்சுத்தன்மையும் குறையும். ஆனால் கடைகளில் உள்ள எல்லா நீளக்கட்டிகளும் அப்படிப்பட்டவை அல்ல. சிலவற்றில் இருப்பது தூளில் உள்ள அதே அழுக்கெடுப்பான்தான். சுற்றியுள்ள உறையை வாசியுங்கள். கையால் தோய்ப்பவர்கள் கட்டியைப் பாவித்தால் அளவு தானாகவே குறையும், அது பெரிய இலாபம்.

பூந்திக்கொட்டை, சீயக்காய் பாவித்தால் கேடே இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நல்ல மனதோடு கேட்கிறார்கள், ஆகவே நேராகச் சொல்ல வேண்டும். பூந்திக்கொட்டையில் நுரைப்பது சப்போனின். சப்போனின் உள்ள தாவரங்களை உலகின் பல இடங்களில் ஆற்று மீனை மயக்கிப் பிடிக்கவே பாவித்தார்கள். அதுவும் மீனின் செவுளைத்தான் தாக்குகிறது. செடியில் இருந்து வந்ததால் அது தண்ணீருக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. நல்ல பக்கம், சப்போனின் சிதைந்துவிடும், பொஸ்பேட்டோ ஒளிர்பொருளோ கிடையாது. பட்டு, மெல்லிய பருத்திச் சேலைகளுக்கு நல்லது, தாராளமாகப் பாவிக்கலாம். கானுக்குள் ஊற்றினால் இதுவும் கேடுதான்.

பொதியில் "மக்கக்கூடியது" என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்தச் சோதனையின்படி என்று பாருங்கள். பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சோதனைகளில், 28 நாட்களுக்குள் குறைந்தது 60 சதவீதம் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் மாறியிருக்க வேண்டும். ஒட்சிசன் நிறைந்த பாத்திரத்தில் நடத்துகிற சோதனை அது. கிருலப்பனைக் கால்வாயின் அடிச்சேற்றுக்கு அது பொருந்தாது. பெரும்பாலும் இந்தச் சொல் அழுக்கெடுப்பானைப் பற்றித்தான் பேசுகிறது, வாசனையையும் ஒளிர்பொருளையும் பற்றி அல்ல.

உடுப்பு மென்மையாக்கி, ப்ளீச், கிருமிநாசினி?

மென்மையாக்கியை விட்டுவிடலாம். அதில் உள்ள நான்கிணைய அமோனியச் சேர்மங்கள் நீருயிர்களுக்குக் கேடு. பழைய வகை சேற்றில் நெடுங்காலம் தங்கியது, புதிய எஸ்டர் வகை சீக்கிரம் சிதைகிறது. எப்படியிருந்தாலும் நம் வெயிலில் காய்கிற உடுப்புக்கு அது தேவையே இல்லை. துவாயில் போட்டால் துவாய் தண்ணீரை உறிஞ்சுவதும் குறையும்.

குளோரின் ப்ளீச் கழிவில் உள்ள பொருட்களோடு சேர்ந்து நிலைத்து நிற்கிற குளோரின் சேர்மங்களை உண்டாக்கும். கறைக்கு ஒட்சிசன் வகை வெளுப்பான் நல்லது, அது கடைசியில் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் சோடாவாகவும் பிரியும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தோடு குளோரின் ப்ளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். சின்னக் குளியலறையில் எழுகிற குளோரின் வாயு ஆளைக் கொல்லும்.

தோய்த்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

அலசிய இரண்டாம், மூன்றாம் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். முதல் தண்ணீர் வேண்டாம், அதில் சோடியமும் காரமும் அதிகம். சோடியம் தொடர்ந்து சேர்ந்தால் களிமண் இறுகி நீர் இறங்காது. கீரைக்கும், பச்சையாகச் சாப்பிடுகிற எதற்கும் ஊற்ற வேண்டாம். ஒரே மரத்தடியில் தினமும் ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். மழைக்காலத்தில் நிலம் ஊறிப்போய் இருக்கும்போது இதைச் செய்து பயனில்லை, வழிந்து கானுக்குத்தான் போகும்.

மலக்குழியில் விட்டால்?

குழிக்குள் ஒட்சிசன் இல்லாததால் அழுக்கெடுப்பான் அங்கே சிதையாது. ஆனால் அடுத்துள்ள உறிஞ்சுகுழியிலிருந்து மண்ணுக்குள் இறங்கும்போது, மண்ணில் காற்று இருந்தால் சிதையும். நிலத்தடி நீர் மேலே இருக்கிற தாழ்வான இடங்களில் அந்த வாய்ப்பு குறைவு. குழிக்கு அருகில் கிணறு இருந்தால் இன்னும் கவனம். தினமும் பல மெஷின் தண்ணீர் போனால் குழி சீக்கிரம் நிறைந்து, படிய வேண்டிய அழுக்கும் வெளியே தள்ளப்படும். ஒரே நாளில் ஐந்து தடவை போடாமல் கிழமை முழுக்கப் பிரித்துத் தோய்ப்பது குழிக்கு நல்லது.

பொலியெஸ்டர் உடுப்பில் இருந்து பிளாஸ்டிக் நூல் வருகிறது என்கிறார்களே?

வருகிறது. செயற்கைத் துணி ஒவ்வொரு தோய்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நூல்துகளை விடும். மெஷினை நிறைத்துப் போடுவதும், குறைந்த நேரமும் குளிர்ந்த தண்ணீரும் வைப்பதும் அதைக் குறைக்கும். நம் காலநிலைக்குப் பருத்தி உடலுக்கும் இதம்.

தொழிற்சாலைகள் விடுகிற கழிவோடு பார்த்தால் நம் வீட்டுத் தூள் ஒரு பொருட்டா?

தொழிற்சாலையை விட்டுவிட்டு வீட்டாரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கழிவுநீர் வெளியேற்றுகிற குறிப்பிட்ட வகைத் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். உள்நாட்டு நீர்நிலைக்கு விடுகிற கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது கழிவை உடைக்க நுண்ணுயிர்கள் எடுக்கிற ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பை ஒரு தொழிற்சாலை மீறினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் போய் நிற்கச் சட்டம் இருக்கிறது. வீட்டு மெஷினுக்கு உரிமமும் இல்லை, அளவீடும் இல்லை. இலட்சக்கணக்கான வீடுகள் தனித்தனியே சிறிது சிறிதாக விடுவதைப் பிடிக்க ஒரு வழிதான் உண்டு, அது குழாய் இணைப்பு. அதைச் சரி செய்வது மாநகர சபையின் வேலையும் கட்டடம் கட்டுகிறவரின் வேலையும். தூளைக் குறைப்பதோடு நம் கடமை முடிந்தது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற முதல் 18 நகரங்களில் ஒன்றானது. தியவன்னா, பெல்லன்வில–அத்திடிய ஈரநிலங்கள் வெள்ளத்தைத் தாங்கி நகரத்தைக் காக்கின்றன, கழிவையும் ஓரளவு வடிக்கின்றன. அவற்றுக்கு வருகிற கால்வாய்த் தண்ணீரைப் பற்றிப் பேச நமக்கு முழு உரிமை இருக்கிறது.

தொடர்மாடியில் இருக்கிற நாங்கள் என்ன செய்யலாம், யாரிடம் சொல்லலாம்?

முதலில் நிர்வாகக் குழுவிடம் கட்டடத்தின் வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள். பல்கனிக் குழாய் மழைநீருக்கா கழிவுநீருக்கா என்பது அதில் இருக்கும். மழைநீருக்கென்றால், மெஷினைக் குளியலறைப் பக்கம் மாற்றுவதோ, ஹோஸை நீட்டி உள்ளே உள்ள கழிவுக்குழாயில் சேர்ப்பதோ பெரிய செலவில்லாத வேலை. பெரிய தொடர்மாடிகளில் சொந்தச் சுத்திகரிப்புப் பொறி கீழ்த்தளத்தில் இருந்தால், அது ஓடுகிறதா என்றும் கேளுங்கள். மின்சாரச் செலவைக் குறைக்கக் காற்றூட்டியை நிறுத்தி வைத்தால், அந்தப் பொறி வெறும் தொட்டிதான்.

தெருவில் என்றால், மழையில்லாத நாளில் மழைநீர்க் கான் காய்ந்திருக்க வேண்டும். மூன்று நாள் மழை பெய்யாமலும் கானில் வெள்ளையாகவோ நுரைத்தோ தண்ணீர் ஓடினால், யாரோ தவறாக இணைத்திருக்கிறார்கள். அது சலவை நீரா என்று உறுதிப்படுத்த ஒரு எளிய முறை உண்டு. ஒளிர்பொருள் சேராத சாதாரணப் பஞ்சை ஒரு வலைத்துண்டில் கட்டி, கானில் சில நாட்கள் தொங்கவிட்டு, கழுவிக் காயவைத்து, நோட்டுச் சோதிக்கிற புற ஊதா விளக்கில் இருட்டில் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் சலவைத்தூள் வந்திருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை வைத்துக்கூட இதைச் செய்யலாம், பஞ்சைக் கையுறையோடு எடுக்கச் சொல்லுங்கள்.

முறைப்பாட்டை மாநகர சபைக்கு, உங்கள் பகுதிப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வழியாகக் கொடுக்கலாம். கால்வாய் என்றால் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும், தொழில் நிறுவனம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இடம், திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், படம் எல்லாம் சேர்த்துத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. கிடைத்ததற்கு அத்தாட்சியும், முறைப்பாட்டு இலக்கமும் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டாம் தடவை எழுதும்போது அந்த இலக்கத்தைத் தலைப்பிலேயே போடுங்கள்.